சுவர் காய மூட்டிய அடுப்பு

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குப் பண்ணையில் இருந்தவர்கள்: பொறுப்பாளர் என்ற பெயரில் நான், புழுமனையில் வேலை செய்யும் பெண்கள் நால்வர், அவர்களில் வாய் திறந்து பேசுகிறவள் முனியம்மா, கணக்கர், கிணற்று எண்ணெய் எஞ்சினைப் பார்த்துக்கொள்ளும் ஆள் ஒருவர். இல்லாதவர்கள்: ராமக்கா, வண்டிக்காரர், வண்டியும் மாடுகளும், இருபத்து நான்கு சந்திரிகைகள்.

சந்திரிகை என்றால் என்னவென்று தெரியாமலே நம் துறையில் உத்தரவு வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதைப் போன மாதம்தான் கண்டேன். ஆகையால் சொல்லிவிடுகிறேன். அது ஆள் உயர மூங்கில் பாய். அதன்மேல் மூங்கில் பட்டையை வட்டம் வட்டமாக நிறுத்திக் கட்டியிருக்கும். பட்டுப்புழு தின்று தீர்த்துப் பழுத்ததும் அதைக் கையால் பொறுக்கி அந்த வட்டங்களுக்குள் விட வேண்டும். அங்கேதான் அது ஒழுங்காகக் கூடு கட்டும். விடாவிட்டால்? புழு நமக்காகக் காத்திருக்காது. தான் கிடக்கிற தட்டிலேயே, எச்சத்துக்கும் சருகுக்கும் நடுவிலேயே கட்டிக்கொள்ளும். இரண்டு புழு ஒரே கூட்டுக்குள் மாட்டிக்கொள்ளும். கூடு கறைபடும். விதைக்கு, அதாவது முட்டை எடுக்க, ஆகாது.

அன்று பண்ணையில் இல்லாத அத்தனையையும் இல்லாமல் ஆக்கியவன் நான்தான். காற்று கொண்டுபோகவில்லை. திருடன் கொண்டுபோகவில்லை. நானே நோட்டுப் புத்தகத்தில் வரிசை எண் போட்டு, ஒவ்வொன்றாக அனுப்பி வைத்தேன்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், இந்த வருஷம் புதிதாகச் சிறு பண்ணைகளின் பொறுப்பை எடுத்துக்கொண்ட உங்களில் மூவர் கிருஷ்ணகிரியில் என்னிடம் வந்து ஒரே வாக்கியத்தைச் சொன்னீர்கள்: “எல்லாமே அவசரமா இருக்கு சார், எதை முதல்ல செய்யறதுன்னு தெரியல.” மூன்றாவது ஆள் சொன்னபோது எனக்குக் கோபமே வந்துவிட்டது. உங்கள்மேல் அல்ல. அந்த வாக்கியத்தின்மேல். அதை நானே சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். எனக்கு இப்போது இருபத்தேழு வயது. இப்படிப்பட்டதையெல்லாம் ஓய்வு பெற்றவர்கள் எழுதுவதுதான் வழக்கம். அவர்கள் எழுதும்வரை காத்திருந்தால் உங்கள் புழு பழுத்துவிடும்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று. ஓசூர் தாலுகாவில், மைசூர் எல்லைக்கு நடந்துபோகிற தூரத்தில், எட்டுப் பேர் வேலை செய்யும் ஒரு சின்ன விதைப் பண்ணை. மேற்பார்வையாளருக்கு மாற்றல் வந்தது. வேறு ஆள் வரும்வரை நீ பார்த்துக்கொள் என்றார்கள். வேறு ஆள் வரவே இல்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். அப்பா காவேரிப்பட்டினத்தில் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போகிறவர். பொறுப்பு கிடைத்ததைச் சொல்லப் போனேன்.

“உனக்குக் கீழ எத்தன பேருடா?”

“எட்டுப் பேருப்பா.”

“எட்டுப் பேரும் உன்னையே பாத்துக்கிட்டு இருப்பாங்க. சட்டைய வெளுத்துப் போட்டுக்க” என்றார்.

அவருக்குத் தெரிந்த அதிகாரிகள் எல்லாரும் வெள்ளைச் சட்டை போட்டவர்கள். அவரைக் குறை சொல்லி என்ன? அந்த ஒரு வார்த்தையை ஒரு பண்ணைக்கே பொருத்திப் பார்த்தவன் நான்.

எது ஆபத்தில் இருந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பொறுப்பு வருவதற்கு முன்னால் ஒன்றரை வருஷம் நான் ஊர் ஊராகப் போய், ராகியை விட்டுவிட்டு மல்பெரி நடுங்கள் என்று பிரசாரம் செய்தவன். சுற்றுப்பட்டில் இருபத்தாறு குடும்பங்கள் என் பேச்சை நம்பி நட்டன. முதல் வளர்ப்புக்குப் பட்டுப்பூச்சி முட்டை ஒட்டிய அட்டையைப் பண்ணையே இலவசமாகக் கொடுக்கும் என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன். அந்த முட்டை அன்று தட்டுகளில் புழுவாகக் கிடந்தது. இருபதாயிரம் புழு. அவை நல்ல கூடு கட்டினால்தான் அந்துப்பூச்சி வரும், முட்டை வரும், இருபத்தாறு வீட்டுக்கும் போகும். இல்லையென்றால் அவர்கள் தோட்டத்துத் தழை முற்றி வீணாகும். ராகியும் இருக்காது.

பொறுப்பு எடுத்த முதல் வாரமே கதவு வழியாகவும் ஜன்னல் வழியாகவும் வேலை வந்து விழுந்தது. சேலத்துக்கு அனுப்பவேண்டிய ஸ்டேட்மெண்டுகள். கூலியாட்களின் வருகையைப் பதியும் மஸ்டர் ரோல். எஞ்சின் இரண்டு நாள் ஓடும், மூன்றாம் நாள் நிற்கும். யாருடைய ஆடோ தோட்டத்துக்குள் புகுந்துவிட்டது என்று ஒரு சண்டை. இரண்டு பெண்களுக்குள் தண்ணீர்க் குடத்துக்காக ஒரு சண்டை. இவ்வளவுக்கும் நடுவில் மூன்றாவது ‘ஜுரம்’. புழு தோல் உரிப்பதற்காகத் தின்னாமல் அசையாமல் கிடக்குமே, அதை இந்தப் பக்கத்தில் ஜுரம் என்பார்கள். ஜுரம் விட்டு நாலு புழு தலையைத் தூக்கியதைப் பார்த்துவிட்டு, பாவம் பசியாக இருக்கும் என்று தழையை எடுத்துக்கொண்டு ஓடினேன். ராமக்கா என் கையைத் தட்டிவிட்டாள்.

“மொதல்ல தலயத் தூக்கினதுக்கு மொதல்ல போட்டுட்டா, பின்னால எழற பூச்சி தழைக்கு அடியில மாட்டிக்கிட்டுச் சாவும். எல்லாம் எழட்டும் தம்பி. அதுவரைக்கும் கைய மடியில வெச்சிக்கிட்டு உக்காரு.”

ராமக்காவுக்கு முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். தெலுங்கு வீட்டுப் பேச்சு, கன்னடம் சந்தைப் பேச்சு, தமிழ் என்னோடு சண்டை போடுகிற பேச்சு. புழுவைத் தொட்டே அது பழுக்க இன்னும் எத்தனை நாழிகை என்று சொல்லுவாள். அவள் சொன்னதைப் புழுவின் விஷயமாக மட்டும் எடுத்துக்கொண்டேன். என் மேஜையில் நான் செய்துகொண்டிருந்ததும் அதேதான் என்பது புத்தியில் ஏறவில்லை. யார் முதலில் தலையைத் தூக்குகிறார்களோ அவர்கள் வேலையைச் செய்துகொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் கடிதம் வந்தது. பெரிய அதிகாரி வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பண்ணையைப் பார்வையிட வருகிறார்.

அன்று இரவே நோட்டை எடுத்துப் பட்டியல் போட்டேன். நாலு பக்கம் வந்தது. படித்தவன் அல்லவா? ஒவ்வொன்றுக்கும் எண் போட்டேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சலாக வருகிறது. ஒன்று: அதிகாரி வருகை, வெள்ளையடித்தல். இரண்டு: ஸ்டேட்மெண்ட். மூன்று: எஞ்சின். நான்கு: ஆட்டுக்காரர் புகார். புழு ஏழாவது இடத்தில் இருந்தது. அது என்ன வரிசை என்று பல நாள் கழித்துத்தான் விளங்கியது. செய்யாவிட்டால் யார் என்மேல் அதிகமாகக் கோபித்துக்கொள்வார்களோ, அந்த வரிசை. புழு கோபித்துக்கொள்ளாது. மெமோ அனுப்பாது. கதவருகில் வந்து நின்று தொண்டையைக் கனைக்காது. அதனால்தான் அதற்கு ஏழாவது இடம்.

செவ்வாய்க்கிழமை புழுமனைக்கு வெள்ளையடித்தோம். தட்டுகளை ஒரு பாதிக்கு நகர்த்தி மறு பாதி, பிறகு இந்தப் பாதி. வெள்ளையடித்த சுவருக்கு முன்னால், வெயிலில் காய வைத்திருந்த சந்திரிகைகள் பழைய கறையோடு வரிசையாகச் சாய்ந்து நின்றன. பார்க்கச் சகிக்கவில்லை. அதிகாரி ஜீப்பை விட்டு இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது இவையா?

“ராமக்கா, பூச்சி எப்பப் பழுக்கும்?”

“வெள்ளிக்கெழம உச்சிப் பொழுது. சனிக்கெழம முடிஞ்சிரும்.”

வெள்ளி என்றால் வியாழன் முழுவதும் கையில் இருக்கிறது. மூக்கண்டப்பள்ளியில் எங்களுக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் பெரிய களம் போட்ட கொட்டகை உண்டு. ஏழு மைல். புதன் காலை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, வியாழன் சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்துவிடலாம். கணக்கு சரியாகத்தான் இருந்தது. எலி கடிக்காமல் பார்த்துக்கொள்ள ராமக்காவே கூடப் போகட்டும் என்றேன்.

“எலிக்குக் காவலா என்னை அனுப்பறே? வண்டிக்காரன் போதாதா?”

“உங்க மாதிரி யாரு பாத்துப்பாங்க, அக்கா?”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். “இன்னிக்கு அக்காவா? சரி சரி. போறேன்.”

இதை எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது. எலி ஒரு சாக்கு. அதிகாரி முன்னால் அவள் என்னைத் ‘தம்பி’ என்று கூப்பிட்டுவிடுவாளே என்ற பயம்தான் காரணம். பண்ணையில் புழு தெரிந்த ஒரே ஆளை, என் மரியாதையைக் காப்பாற்றுவதற்காக ஏழு மைலுக்கு அப்பால் அனுப்பினேன்.

புதன்கிழமை சுவர் காயவில்லை. தை மாதக் கடைசி. ஓசூர்ப் பனி தெரியுமல்லவா, ஒன்பது மணி வரைக்கும் எதிரில் இருக்கிற ஆள் தெரியாது. சுவரைத் தொட்டால் விரலில் சுண்ணாம்பு ஒட்டியது. அதிகாரி சாய்ந்து நின்றால் கோட்டு என்னாவது? ஆறு கரி அடுப்பு மூட்டி, ஜன்னல்களைச் சாத்திவிடச் சொன்னேன்.

மத்தியானம் முனியம்மா வெளியே வந்து முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். “உள்ள சூடு ஜாஸ்தியா இருக்குது சார்.”

“சுவர் காய வேணாமா?”

“சொவுரு காயும். சொவுருக்கு என்ன” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவள் சொன்னதில் பாதி வாக்கியம் பாக்கி இருந்தது. நான் கேட்கவில்லை. ராத்திரி முழுக்க அடுப்பு எரிந்தது.

சூடு கூடினால் புழு சீக்கிரம் பழுக்கும். இது பாடப் புத்தகத்தில் இருக்கிறது. பரீட்சையில் எழுதி நான் நல்ல மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஊர் ஊராகப் போய் இதையே விவசாயிகளுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்த இரண்டு நாளும் என் மண்டைக்குள் அந்த அடுப்பு சுவருக்கான அடுப்பு. புழுவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, ஏனென்றால் அது பட்டியலில் ஒன்றாம் எண், இது ஏழாம் எண்!

வியாழக்கிழமை ஏழு மணிக்கு முனியம்மா ஓடி வந்தாள். “சார், தலயத் தூக்கிடுச்சி.”

“என்னது?”

“பூச்சி. பழுத்துப்போச்சி. தட்டு விளிம்புக்கு ஏறி வருது.”

உள்ளே போய்ப் பார்த்தேன். மஞ்சளாகக் கண்ணாடி போல ஒளி விட்டுக்கொண்டு, தட்டுக்குத் தட்டு, தலையைத் தூக்கி இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தன. எங்கே ஏறுவது என்று கேட்பதுபோல. ஏறுவதற்கு ஒன்றுமில்லை. வெள்ளைச் சுவர்தான் இருந்தது.

அடுத்த ஒரு மணி நேரம் நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் ஆபீசுக்கு ஓடினேன். எதற்கு என்று இன்றுவரை தெரியாது. அங்கே கணக்கர் ஸ்டேட்மெண்டைப் பிடித்துக்கொண்டு, “தபால் போற நேரம் சார், கையெழுத்து” என்றார். போட்டேன். மூன்று பிரதி. அதற்குள் எஞ்சின் ஆள் வந்து, பெல்ட் அறுந்துவிட்டது என்றார். கிணற்றுக்கு ஓடினேன். பாதி வழியில், சந்திரிகையைக் கொண்டுவர ஆள் அனுப்ப வேண்டுமே என்று திரும்பினேன். யாரை அனுப்புவது? சைக்கிள் பஞ்சர். வாசலுக்கு ஓடி, அங்கே தோரணம் அவிழ்ந்து கிடந்ததைப் பார்த்து, தோரணத்தைக் கட்டினேன். ஆமாம், தோரணத்தைக் கட்டினேன். இருபதாயிரம் புழு உள்ளே கூடு கட்ட இடம் தேடிக்கொண்டிருக்கிறது, நான் ஸ்டூலில் ஏறி மாவிலை கட்டிக்கொண்டிருக்கிறேன்.

நான்காவது தடவை புழுமனைக்குள் ஓடியபோது முனியம்மா குரலை உயர்த்தினாள்.

“சார், நீங்க ஓடறதப் பாத்தா எங்களுக்குக் கை ஓடல. ஒரு எடத்துல நில்லுங்க. நின்னு, என்ன செய்யணும்னு சொல்லுங்க. இல்ல, ஒண்ணும் தெரியலன்னாவது சொல்லுங்க. நாங்க எதயாவது செய்யறோம்.”

இளையவர்களே, பொறுப்பு என்பது என்னவென்று எனக்கு எந்தச் சுற்றறிக்கையும் அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. நீங்கள் ஓடினால் உங்களைச் சுற்றியுள்ள எட்டுப் பேரும் நின்றுவிடுகிறார்கள். நீங்கள் நின்றால்தான் அவர்களால் ஓட முடியும்.

நின்றேன். ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னேன்.

“மாரு வேணும்” என்றாள் ஒருத்தி. காய்ந்த துவரைச் செடியைத்தான் மார் என்பார்கள். சந்திரிகை இல்லாத வீடுகளில் அதைப் பரப்பிப் புழுவை ஏற்றுவதுண்டு. கூடு அவ்வளவு நேர்த்தியாக வராது, ஆனால் தட்டில் கிடப்பதற்கு எவ்வளவோ மேல். துவரை அறுத்துக் காயப்போட்டிருந்தவர் பக்கத்து நிலத்து நஞ்சப்பா. என் பேச்சைக் கேட்டு முதன்முதலில் மல்பெரி நட்டவர்.

வேலியருகே நின்று கூப்பிட்டேன். அவர் என்ன ஏது என்று கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார், கதவு வழியாகத் தட்டுகளைப் பார்த்தார். “பேக, பேக!” என்று கன்னடத்தில் தன் ஆட்களை விரட்டினார். கால் மணியில் ஒரு வண்டி மார் வந்து இறங்கியது. இறக்கும்போது மட்டும் கேட்டார்.

“சந்திரிகை எங்க?”

“மூக்கண்டப்பள்ளியில.”

“அதுக்கு அங்க யாரு கல்யாணம்?”

எஞ்சின் ஆளைப் பெல்ட்டை விட்டுவிட்டு மார் பரப்பச் சொன்னேன். கணக்கரையும் கூப்பிட்டேன்.

“நான் கிளார்க்குங்க. குளிச்சிட்டு வந்திருக்கேன். பூச்சி தொட மாட்டேன்.”

“தொட வேணாம். தட்டப் பிடிச்சிக்கிட்டு நில்லுங்க. நாங்க தொடறோம்.”

அவர் கண்ணை மூடிக்கொண்டு தட்டைப் பிடித்தார். அப்படியே மூன்று மணி நேரம் பிடித்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஒன்பது மணிக்கே ஜீப் வந்துவிட்டது. பத்து என்று சொல்லியிருந்தார்கள். ஓசூர்ப் பயணியர் விடுதியிலிருந்து சீக்கிரம் புறப்பட்டுவிட்டாராம். வரவேற்க வாசலில் யாருமில்லை. அதிகாரி தாமாகவே இறங்கி, தாமாகவே உள்ளே வந்தார். என் கையெல்லாம் மஞ்சள், சட்டையெல்லாம் சருகு. அப்பா சொன்ன வெளுத்த சட்டைதான் அது.

அவர் சுவரைத் தொட்டு விரலைப் பார்த்தார். “என்னய்யா இது, ஈரமா இருக்கு?”

நான் அவருக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜீப்புக்குப் பின்னால் சாமான் ஏற்றுகிற இரண்டு சக்கர டிரெயிலர் ஒன்று பூட்டியிருந்தது.

“சார், ஜீப் வேணும்.”

“எதுக்கு?”

“சந்திரிகை எல்லாம் மூக்கண்டப்பள்ளியில இருக்கு சார்.”

“அங்க ஏன் இருக்கு?”

“நீங்க வர்றீங்கன்னு சார்.”

அவர் என்னையும் தட்டுகளையும் மார்க் குவியலையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நானா அனுப்பச் சொன்னேன்?”

“இல்ல சார்.”

“நான் பன்னெண்டு மணிக்குக் கிருஷ்ணகிரியில இருக்கணும், தெரியுமா?”

“தெரியும் சார். நீங்க லேட்டா போனா நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். இது லேட்டானா யாருகிட்ட கேக்கறதுன்னு தெரியல.”

இதைத் தைரியத்தில் சொன்னேன் என்று நினைத்துவிடாதீர்கள். அழுகை வருகிற குரலில் சொன்னேன். ஆனால் சொல்லி முடித்ததும், நாலு பக்கப் பட்டியல் போட்டு நான் தேடியது இந்த ஒரு வாக்கியத்தைத்தான் என்று பட்டது. மன்னிப்புக் கேட்டால் ஆறிவிடுகிற வேலை ஒரு வகை. கேட்டாலும் ஆறாத வேலை இன்னொரு வகை. ஸ்டேட்மெண்ட் முதல் வகை. எஞ்சின் பாதி நாளைக்கு முதல் வகை. அதிகாரி, எவ்வளவு பெரிய அதிகாரியானாலும், முதல் வகை. அன்றையிலிருந்து என் நோட்டில் எண்கள் இல்லை. பக்கத்தின் நடுவில் ஒரு கோடு மட்டும்தான்.

அவர் டிரைவரைப் பார்த்துத் தலையசைத்தார். ஜீப் போயிற்று. அவர் புளிய மரத்தடியில், அவருக்காகவே நாங்கள் வாங்கி வைத்திருந்த புது நாற்காலியில், தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பதினோரு மணிக்கு ஜீப் திரும்பியது. சந்திரிகைகள் டிரெயிலருக்கு மேல் கோபுரம் போல் கட்டியிருந்தன. முன் ஸீட்டில் ராமக்கா. இறங்கியவள் நேராக உள்ளே போய், ஒரு தட்டில் புறங்கையை வைத்தாள். பிறகு கூரையைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள்.

“யாரு அடுப்பு மூட்டினது?”

முனியம்மா என் பக்கம் பார்த்தாள்.

“தம்பி, சொவுரு கூடு கட்டுமா?” என்று கேட்டாள். அதிகாரிக்கு நன்றாகக் கேட்கும்படி, உரத்த குரலில். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருக்கு நான் தம்பியா சாரா என்பதில் என்ன இருக்கிறது? அதற்காகத்தான் நான் அவளை ஏழு மைல் அனுப்பியிருந்தேன்.

ஜன்னல்களைத் திறந்தாள். அணைந்த அடுப்புகளின் சாம்பலை வெளியே கொட்டச் செய்தாள். மீதியிருந்த புழுவைச் சந்திரிகையில் ஏற்றினோம். ஆனால் ஏழு மணியிலிருந்து பதினோரு மணிவரை போன நாலு மணி நேரம் போனதுதான். ஆறு நாள் கழித்துக் கூடு எடுத்தபோது, தட்டில் கட்டியதெல்லாம் கறை, மாரில் கட்டியதில் பாதி இரட்டைக் கூடு, ஈரச் சுவர் ஓரத்தில் வைத்ததில் பல உள்ளேயே செத்திருந்தன. ராமக்கா ஒவ்வொன்றாகக் காதருகில் வைத்து, உள்ளே உயிர் இருக்கிறதா என்று ஆட்டி ஆட்டிப் பிரித்தாள். விதைக்கு ஆகுமென்று அவள் ஒதுக்கியது பதினைந்து குடும்பத்துக்குக் காணும். கொடுக்கவேண்டியது இருபத்தாறு.

மறுபடியும் எல்லாரும் தலையைத் தூக்கினார்கள். பண்ணை வாசலில் கூட்டம். “நான்தான் மொதல்ல நட்டேன்.” “எனக்குத்தான் மொதல்ல சொன்னே.” “எங்க மாமா பஞ்சாயத்துல இருக்கார், தெரியுமில்ல?” இந்தத் தடவை நான் ஓடவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு எல்லாரும் பேசி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு பட்டியலைப் பிரித்தேன்: நிலம் முழுவதையும் மல்பெரிக்கே கொடுத்துவிட்டு வேறு ஒன்றும் இல்லாமல் இருப்பவர் யார்? சரியாகப் பதினாலு பேர் வந்தார்கள். பதினைந்தாவது பங்கைக் கணவன் இறந்துபோன ஒரு பெண்ணுக்கு வைத்தேன்.

நஞ்சப்பா கடைசியில் வந்தார். “எம் பேரு?”

“இல்லீங்க.”

“மாரு கொண்டாந்து கொட்டினது யாரு?”

“நீங்கதான்.”

“அப்புறம்?”

“உங்களுக்கு ராகி நிலம் இன்னும் ரெண்டு ஏக்கரா இருக்குது. கிணறு இருக்குது. அவங்களுக்கு இதுதான் இருக்குது.”

“படிச்சவன். நல்லாத்தான் கணக்குப் போடறே” என்று சொல்லிவிட்டுப் போனார். அது பாராட்டு இல்லை என்பது எனக்குத் தெரியும். பட்டியலை மாற்றவும் இல்லை. சரியான வரிசையைக் கண்டுபிடித்துவிட்டால் மனது லேசாகிவிடும் என்று உங்களுக்கு யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சரியான வரிசையில் கடைசியில் நிற்பவனும் ஒரு ஆள்தான். பல சமயம் உங்களுக்கு உதவிய ஆள்.

இரண்டு வாரத்தில் மெமோ வந்தது. அரசாங்க ஜீப்பையும் டிரெயிலரையும் மூங்கில் சாமான் ஏற்றுவதற்கு உபயோகித்ததற்கு விளக்கம் கேட்டு. மரத்தடியில் உட்கார்ந்திருந்த அதே அதிகாரியின் கையெழுத்து. விளக்கம் எழுதினேன். போதாது என்றார்கள். மறுபடி எழுதினேன். கடைசியில் பெட்ரோலுக்கு மூன்று ரூபாய் ஆறணா என் சம்பளத்தில் பிடித்தார்கள். அப்போது நயா பைசா வரவில்லை. அதற்கு ஒரு தனி ஃபைல், ஃபைலுக்கு ஒரு எண், ‘நஷ்டம் வசூலிக்கப்பட்டது, முடிந்தது’ என்று ஒரு குறிப்பு. அரசாங்கத்துக்கு அந்த வியாழக்கிழமையின் நஷ்டம் அவ்வளவுதான்.

மாசிக் கடைசியில் நஞ்சப்பா வந்தார். விடுபட்ட பதினொரு குடும்பத்திலும் அவரே பணம் திரட்டி, எல்லை தாண்டி மைசூர்ப் பக்கம் இரண்டு தடவை பஸ்ஸில் போய், முட்டை அட்டை வாங்கி வந்து பங்கு வைத்திருந்தார். கையில் ஒரு துண்டுத் தாள். யார் எழுதியதோ, கன்னடத்தில் பதினொரு பெயர், பெயருக்கு எதிரே ஒரே தொகை.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“பணத்துக்கு வரல, சாமி. கேக்கறதுக்கும் வரல. பெட்ரோல் காசை உங்க ஆபீசுல எழுதி வெச்சிருக்காங்களாமே. இதையும் எங்கியாவது எழுதி வெப்பீங்களான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

கணக்கர் ஒவ்வொரு ரிஜிஸ்டராக எடுத்துப் புரட்டினார். மனப்பூர்வமாகத்தான் தேடினார். அதை எழுதுவதற்கு ஒன்றிலும் இடமில்லை. நஞ்சப்பா தாளை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதில் இருந்த மொத்தத் தொகை என் சம்பளத்தில் இரண்டரை மாதம் வரும்.

நான்கு வருஷமாக அந்தத் தாள் பட்டியல் போட்ட அதே நோட்டுக்குள் இருக்கிறது. இங்கே எழுதி வைக்கிறேன். பதினொரு குடும்பம், குடும்பத்துக்குப் பதினான்கு ரூபாய் எட்டணா. மொத்தம் நூற்று ஐம்பத்தொன்பது ரூபாய் எட்டணா.